பச்சை மேசை

மாணவர்களே, "நான் என் கையால் செய்து முடித்த ஒரு வேலை" என்ற தலைப்பைக் கொடுத்தால் உங்களுள் பெரும்பாலானோர் வீட்டுத்தோட்டத்தையோ சிரமதானத்தையோ எழுதிவிடுகிறீர்கள். கத்தரிக்காய் காய்த்தது, எல்லோரும் பாராட்டினார்கள் என்று கட்டுரை முடிந்துவிடுகிறது. அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் வேலை என்றால் கை நோகும், இடையில் ஏதாவது பிழைக்கும். உங்கள் வயதில் நான் ஒரு பழைய மேசையின் பெயின்றைச் சுரண்டினேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

அது 2003ஆம் ஆண்டு. அவ்வாண்டு டிசெம்பரில் நான் சாதாரணதரப் பரீட்சை எழுதவிருந்தேன். எங்கள் வீடு இணுவிலில் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது எட்டு வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும், மழையில் நனைந்ததும், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் மட்டுமே நினைவில் இருக்கின்றன. சாவகச்சேரியில் சில மாதங்கள், பின்னர் மல்லாவியில் ஆறு வருடங்கள். 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னரே ஊர் திரும்பினோம்.

வீடு நின்றது. ஓடுகளில் பாதி இருந்தன. கதவுகளும் யன்னல்களும் நிலையோடு கழற்றப்பட்டிருந்தன. அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் சாய்மனைக் கதிரை, அம்மம்மாவின் பெட்டகம் என எதுவுமே இல்லை. சுவாமி அறையில் படங்கள் மாட்டியிருந்த ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. அம்மா அந்த ஆணிகளை எண்ணிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

படிப்பதற்கு மேசை இல்லை. இரண்டு மண்ணெண்ணெய்ப் பேணிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு நானும் தங்கச்சியும் எழுதினோம். கணிதத்தில் கேத்திர கணித வரைபு கீறும்போது அவள் கையை ஊன்றினால் பலகை ஆடும். என் வட்டம் முட்டையாகிவிடும். இதைப் பலநாள் பார்த்த அப்பா, ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய வாரத்தில் நகரப்புறத்திலிருந்த ஒரு பழைய தளபாடக் கடைக்குப் போய், ஆயிரத்து எண்ணூறு ரூபா கொடுத்து ஒரு மேசை வாங்கினார். லான்ட்மாஸ்ரர் பெட்டியில் அது வந்து இறங்கியது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு லாச்சி. மேலிருந்து கால்வரை தடிப்பான பச்சைப் பெயின்ற். அந்தப் பச்சை அழகானதாகவும் இருக்கவில்லை. பஸ் தரிப்பிடத்து வாங்குக்குப் பூசி மிஞ்சியதைப் பூசியது போலிருந்தது.

அம்மா வாசலிலேயே மறித்தார்.

"ஆற்றை வீட்டு மேசை உது?"

"கடையிலை வாங்கினது. கடைக்காரன் ஒருதரிட்டை வாங்கினதாம்."

"அந்த ஒருதர் ஆரிட்டை வாங்கினவராம்?"

அப்பாவிடம் அதற்கு விடை இருக்கவில்லை. எங்கள் கதவு இந்நேரம் எந்த வீட்டில் திறந்து மூடப்படுகிறதோ என்று அம்மா அடிக்கடி சொல்வார். அப்படிப்பட்டவருக்கு, பூர்வீகம் தெரியாத ஒரு மேசையை உள்ளே எடுப்பது எப்படியிருந்திருக்கும் என்பது எனக்குப் பிற்காலத்திலேயே விளங்கியது. அன்று எனக்கு அம்மாமேல் கோபந்தான் வந்தது. பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. எனக்கு வேண்டியது ஆடாத ஒரு மேசை, அவ்வளவுதான். கடைசியில் மேசை பின் விறாந்தையில் வைக்கப்பட்டது. வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை.

அந்நாட்களில் எங்கள் வீட்டுக்குப் புதுக் கதவு போட ஓர் ஓடாவியார் வந்துகொண்டிருந்தார். எழுபது வயது தாண்டியவர். நாங்கள் அப்பு என்றே கூப்பிடுவோம். அவர் மேசையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு குனிந்து அடிப்பக்கத்தில் பெயின்ற் படாத இடத்தை உளியின் நுனியால் சிறிது சுரண்டினார். மஞ்சள் நிறத்தில், உள்ளே வெளிச்சம் இருப்பதுபோல் ஒரு கீற்றுத் தெரிந்தது.

"இது முதிரையடா தம்பி. முதிரைக்கு ஆராவது பச்சை பூசுவானோ?"

முதிரை எங்கள் உலர்வலயக் காடுகளின் மரம். வன்னியில் இருந்த காலத்தில் எத்தனையோ முதிரைகளின் கீழ் நின்றிருக்கிறேன், பெயர் தெரியாமலே. மெதுவாக வளர்வது, பாரமானது, இழைத்தால் பட்டுத் துணிபோல் மினுங்குவது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே பட்டு மரம் என்ற பொருள்பட அமைந்திருக்கிறது.

இங்கே ஒரு சொல் விடயத்தையும் கவனியுங்கள். மொழிப் பாடத்துக்கும் உதவும். மேசை, கதிரை, அலுமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் வழியாக எமக்கு வந்த சொற்கள். லாச்சி ஒல்லாந்தருடையது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1619இல். ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து பறித்தது 1658இல். மேசையின் பெயரை ஒருவனும் அதன் லாச்சியின் பெயரை அவனைத் துரத்தியவனும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்பு வேலையை எனக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். கூலி வேண்டாம் என்றார். ஆனால் தன் கை படாது, எல்லாம் நானே செய்யவேண்டும் என்றார். பெயின்றை எப்படி எடுப்பது என்பதே முதற் கேள்வி. எரிசோடாக் கரைசலைப் பூசினால் பெயின்ற் பொங்கிக் கழன்றுவிடும் என்று அயலவர் ஒருவர் சொன்னார். அப்பு தலையை ஆட்டி மறுத்தார். எரிசோடா, அதாவது நீங்கள் விஞ்ஞானத்தில் படிக்கும் சோடியம் ஐதரொட்சைட்டு, பெயின்றைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் மரத்தையும் கறுப்பாக்கும். பொருத்துக்களின் பசையை இளக்கும். கையில் பட்டால் தோலையும் பொசுக்கும். ஊதுவிளக்கால் சூடாக்கிச் சுரண்டும் முறையையும் அவர் வேண்டாம் என்றார். முதிரை கருகினால் அந்தக் கறை மரத்துக்குள் இறங்கிவிடும் என்பது அவருடைய காரணம்.

ஆகவே சுரண்டல்தான். யன்னற் கண்ணாடி உடைந்த துண்டுகளை அப்பு கொண்டுவந்தார். கண்ணாடியின் புது உடைவு விளிம்பு சவர அலகுபோல் கூர்மையானது. மரத்துக்கு மேல் சற்றுச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் பெயின்ற் சுருள் சுருளாக வரும். பிடிக்கும் பக்கத்தில் பழைய சைக்கிள் ரியூப்பை மடித்துச் சுற்றவேண்டும். முதல் நாள் அதை அலட்சியப்படுத்தி, பெருவிரலில் வெட்டு வாங்கினேன். பச்சைக்குக் கீழே மண்ணிறம் வந்தது. மண்ணிறத்துக்குக் கீழே வான்நீலம். அதற்குக் கீழேதான் மரம். ஆக மூன்று தடவை யாரோ அந்த மேசைக்கு நிறம் மாற்றியிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் நாங்கள் அன்று செய்தது பிழை. பழைய எனாமல் பெயின்றுகளில் ஈயச் சேர்வைகள் கலக்கப்படுவது வழக்கம். நிறத்துக்காகவும், விரைவில் உலர்வதற்காகவும் கலந்தார்கள். இலங்கையில் பெயின்றில் இருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல்தான் எல்லை விதித்தது. பெயின்றுத் தூசியைச் சுவாசித்தாலோ, கைவழியாக வாய்க்குள் போனாலோ ஈயம் உடலில் தங்கும். சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். நானோ மூக்கை மூடாமல் உலர்ந்த மண்தாளால் உரஞ்சினேன். தங்கச்சி அந்தப் பச்சை, நீலத் தூசியை விரலால் குவித்துக் கோலம் போட்டு விளையாடினாள். இன்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. நீங்கள் இந்த வேலையைச் செய்வதானால், தண்ணீர் தொட்டு உரஞ்சக்கூடிய மண்தாளை வாங்குங்கள். ஈரத்தில் தூசி எழாது. மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் அணியுங்கள். சிறுபிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். வழித்தெடுத்ததைக் கிணற்றடியில் கொட்டாமல் பொதி செய்து அகற்றுங்கள். பெயின்ற் மிகப் பழையது என்று தெரிந்தால் பெரியவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

மேற்பலகைக்கு வர எனக்கு ஒரு வாரம் எடுத்தது. வலது பக்கத்திலிருந்து தொடங்கினேன். கண்ணாடியால் பெரும்பகுதி பெயின்ற் போனபின், மரத்தில் ஆங்காங்கே மெல்லிய நீலக் கீறல்கள் எஞ்சின. சுரண்டுபடாத பெயின்றுக் கறை என்றே நினைத்தேன். 60ஆம் இலக்க மண்தாளை எடுத்தேன். இலக்கம் குறையக் குறைய மணல் பருமனாகும். 60 என்றால் நல்ல கரடு. அந்தக் கறைகள் போகும்வரை பலங்கொண்ட மட்டும் உரஞ்சினேன். போய்விட்டன. பெருமையாக இருந்தது.

பிறகு நடுப்பகுதிக்கு வந்தேன். அங்கே ஒரு நீலக்கோடு நேராக, மேசையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை ஓடியது. அடிமட்டம் வைத்துக் கவராயத்தின் கூரால் பலதடவை கீறிய கோடு. கீறலின் ஆழத்துக்குள் முதற் பெயின்றான நீலம் இறங்கித் தங்கியிருந்தது. கோட்டுக்கு இடப்பக்கத்தில், ஓரமாக, அதே கவராயக் கூரால் "சி" என்று ஓர் எழுத்து.

நான் வலப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே மரம் மழமழவென்று சுத்தமாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தபோது, ஒரு நிமிர்ந்த கோட்டின் மிச்சம் மட்டும் மயிரிழைபோல் தெரிந்தது. அது எந்த எழுத்தின் காலாகவும் இருக்கலாம்.

ஒரு மேசையைப் பங்குபோட்ட இரண்டு பிள்ளைகள். இது என் பக்கம், அது உன் பக்கம். நானும் தங்கச்சியும் பேணிப் பலகையில் நாளும் போட்ட அதே சண்டை. தகப்பனோ தாயோ கோபித்துக்கொண்டு அதை மறைக்கத்தான் நீலம் பூசியிருப்பார்கள் என்பது என் ஊகம். மண்ணிறமும் பச்சையும் யார் பூசியவை, எதை மறைக்கப் பூசியவை என்பதை ஊகிக்க நான் விரும்பவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் விட்டிருக்கலாம், இரண்டு நிமிடம் உரஞ்சினால் கோடும் எழுத்தும் போயிருக்கும், மேசையும் புத்தம்புதிதாகியிருக்கும். அப்படியும் ஒரு கணம் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. அம்மா வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மற்றப் பக்கத்திலை என்ன எழுத்து?"

"தெரியாது அம்மா. உரஞ்சிப் போட்டன்."

அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மறுநாட் காலை அப்புவிடம், "உந்தக் கோட்டிலை கை வைக்கவேண்டாம் எண்டு பொடியனுக்குச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார். அப்பு அதற்கேற்ப வேலையை மாற்றினார். மேற்பலகை முழுவதையும் இழைத்துச் சமப்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டோம். கோட்டைச் சுற்றி 180ஆம் இலக்கத் தாளாலும் பின்னர் 220ஆம் இலக்கத் தாளாலும், மர ஓட்டத்தின் வழியே மட்டும் மெல்ல உரஞ்சினேன். ஓட்டத்துக்குக் குறுக்கே உரஞ்சினால் அந்தக் கீறல் இப்போது தெரியாது. பொலிஷ் பட்டவுடன் பளிச்சென்று தெரியும். லாச்சிகளின் அடிப்பலகை உளுத்திருந்தது. அதற்கு ஒட்டுப்பலகை வெட்டிப் போட்டோம். ஆணித் துவாரங்களை முதிரைத் தூளையும் பசையையும் குழைத்து அடைத்தோம். வேறு மரத்தின் தூள் என்றால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கிடையில் என் இரண்டு மணிக்கட்டிலும் சிவந்த பருக்கள் எழும்பிக் கடித்தன. முதிரைத் தூள் சிலரின் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதற்கென்று தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு மீதியை முடித்தேன். விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிவிட்டது. மாலை ரியூசன் முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் மேசை, பிறகு புத்தகம். அப்பாவுக்குப் பொறுமை குறைந்தது. மேசை படிப்பதற்கா, படிப்பு மேசைக்கா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பொலிஷுக்கு அரக்கு வேண்டும். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினிலிருந்து எடுப்பது அது. மெல்லிய பொன்னிறச் செதில்களாகக் கடையில் கிடைக்கும். தண்ணீரில் கரையாது, மதுசாரத்தில் கரையும். அப்பு ஒரு ஜாம் போத்தலில் செதில்களைப் போட்டு, மெதிலேற்றட் ஸ்பிரிட்டை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட்டார். தகரப் பேணியில் ஊறவிட்டால் இரும்போடு தாக்கமடைந்து கறுக்கும் என்றார். ஜாம் போத்தல் எங்கள் வீட்டில் வேறொரு வேலையும் பார்த்ததுண்டு. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் அதற்குள் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் வைத்து விளக்கெரித்துப் படித்தோம். அதனால் அதைக் கண்டதும் அப்பா சிரித்தார். ஆனால் ஸ்பிரிட் இருக்கும் இடத்தில் விளக்கே ஆகாது. அதன் ஆவி சட்டென்று தீப்பற்றும். ஆகவே பகலில், காற்றோட்டமான விறாந்தையில் மட்டுமே பொலிஷ் போட்டோம்.

பூசுவதற்குத் தூரிகை இல்லை. பஞ்சை உருட்டி, பல தடவை தோய்த்து நைந்த பருத்தித் துணியால் சுற்றி, ஒரு பொட்டணம் செய்யவேண்டும். அதற்கான துணியை அம்மா கொண்டுவந்து தந்தார். அப்பாவின் பழைய வேட்டி. பொட்டணம் வழுக்கிச் செல்ல அதன் அடியில் ஒரு துளி லின்சீட் எண்ணெய். முதலில் நீள ஓட்டம், பிறகு எட்டு வடிவம். கையை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் துணி ஒட்டிப் பிடித்து, போட்ட படையைப் பெயர்த்துவிடும். ஒரு படை கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. பத்துப் பன்னிரண்டு படையின் பின்னரே மரம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் ஆனது.

ஒக்ரோபரில் ஒருநாள் மழை இருட்டியிருந்தது. அப்பு வரவில்லை. ஒரு படை போட்டால் என்ன என்று நானே போட்டேன். ஈரக்காற்றில் பொலிஷ் பால்போல் வெளிறிப் போனது. முழு மேசையையும் கெடுத்துவிட்டேன் என்று அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த வெயில் நாளில் அப்பு பொட்டணத்தில் வெறும் ஸ்பிரிட்டைத் தொட்டு மெதுவாக ஓட்டச் சொன்னார். வெளிறல் மறைந்தது. அரக்கின் நற்குணம் அது. பழைய படையைப் புதுப்படை கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். அப்பு அவற்றை எடுத்துத் தட்டிக் கொடியில் விரித்துப் போட்டார். லின்சீட் எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, ஒட்சிசனோடு சேர்ந்து. அப்போது வெப்பம் வெளிவரும். துணி குவிந்து கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றலாம். அவருக்கு ஒட்சியேற்றம் என்ற சொல் தெரியாது. ஆனால் இளமையில் வேலை பழகிய பட்டறையில் ஒரு மூலை அப்படி எரிந்ததைப் பார்த்திருக்கிறார்.

நவம்பரில் மேசை வீட்டுக்குள் வந்தது. அம்மாவே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். "சி" பக்கம் தங்கச்சிக்கு, எழுத்தில்லாத பக்கம் எனக்கு. பரீட்சைக்கு அதில்தான் படித்தேன். கணிதத்தில் எனக்குச் சாதாரண சித்திதான் வந்தது. அதற்கு மேசை பொறுப்பல்ல.

அதற்குப் பிறகு அம்மா கோயிலிலும், சங்கக்கடை வரிசையிலும், கலியாண வீடுகளிலும் அந்த மேசையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாலடி, முதிரை, இரண்டு லாச்சி, நடுவிலே கோடு, இடப்பக்கம் "சி". ஆருடையதென்றாலும் வந்து எடுத்துப் போகட்டும் என்றார். நான் பதறினேன். அப்பா, சொன்னால் சொல்லட்டும் என்றார்.

அடுத்த வருடம் ஒரு நாள், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு பெண்மணி, யாரோ சொல்லக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவோரம் நின்றேன். அவர் மேசையைச் சுற்றி வந்தார், குனிந்து லாச்சிகளைப் பார்த்தார்.

"இல்லை அக்கா," என்றார் அம்மாவிடம். "எங்கடை மேசைக்கு மூண்டு லாச்சி."

ஆனால் உடனே போகவில்லை. கதிரையை இழுத்து அமர்ந்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு விரலை வைத்து, முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை மெல்ல ஓட்டினார். பொலிஷுக்குக் கீழேயும் அந்தப் பள்ளம் விரலுக்குத் தெரியும். அம்மா தேநீர் கொண்டுவந்தார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போனபின் பார்த்தால், சூடான கோப்பை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். அடுத்த வெயில் நாளில் பொட்டணத்தில் ஸ்பிரிட் தொட்டு ஓட்டினேன், போய்விட்டது.